வீடியோ எடிட்டிங் சண்டித்தனம் செய்தால் கோளாறை எங்கே, எந்த வரிசையில் தேடுவது: முழுமையான வழிகாட்டி

டைம்லைன் திக்குகிறது, பிளே பட்டனை அழுத்தினால் படம் உறைந்து குரல் மட்டும் ஓடுகிறது, எக்ஸ்போர்ட் 67 சதவீதம் வரை போய்ப் படுத்துவிடுகிறது. இந்த மாதிரி நேரத்தில் நிறைய பேர் என்ன செய்கிறார்கள் என்றால், சாஃப்ட்வேரை அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்கிறார்கள், கூடவே டிரைவரையும் அப்டேட் செய்கிறார்கள், போதாததற்கு செட்டிங்ஸில் ஐந்தாறு டிக்குகளையும் மாற்றிவைக்கிறார்கள், எல்லாம் ஒரே மூச்சில். கோளாறு போனால் எதனால் போனது என்று தெரியாது. போகாவிட்டால் பழையதோடு புதிதாக இரண்டு சேர்ந்திருக்கும்.

சாஃப்ட்வேர் மேல் பழி விழும் கோளாறுகளில் பெரும்பகுதி ஃபைலிலோ டிஸ்கிலோ கேபிளிலோதான் இருக்கிறது என்பது நான் பார்த்தவரை உண்மை. அதனால் கேமராவின் மெமரி கார்டில் ஆரம்பித்து டிஸ்க், ஃபைல், பிராசஸர், சவுண்ட், நிறம், எக்ஸ்போர்ட் என்று டேட்டா ஓடுகிற வழியிலேயே போவோம். ரீஇன்ஸ்டால் என்பது கடைசிக்குக் கடைசி.

1. எதையும் தொடுவதற்கு முன்

புராஜெக்ட்டை வேறு பெயரில் சேமியுங்கள், முடிந்தால் வேறு டிஸ்கில். பிரீமியர் புரோ என்ற எடிட்டிங் சாஃப்ட்வேரில் ஆட்டோ சேவ் ஃபோல்டர் எங்கே இருக்கிறது என்று இப்போதே பார்த்துவையுங்கள், அது பிரச்சினை வந்த பிறகு தேட வேண்டிய இடமல்ல. டாவின்சி ரிசால்வ் என்ற இன்னொரு சாஃப்ட்வேர் புராஜெக்ட்டை டேட்டாபேஸுக்குள் வைத்திருப்பதால் ஃபோல்டரில் தேடினால் கிடைக்காது, புராஜெக்ட் மேனேஜரிலிருந்து எக்ஸ்போர்ட் செய்தால்தான் தனி ஃபைலாகக் கையில் வரும். புராஜெக்ட் பேக்கப் என்ற டிக் போட்டிருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

அப்புறம் ஒன்று. வேலை நடுவில் சாஃப்ட்வேரைப் புது வெர்ஷனுக்கு ஏற்றாதீர்கள். புது வெர்ஷனில் திறந்து சேமித்த புராஜெக்ட் பொதுவாகப் பழையதில் திறக்காது. டெலிவரி முடியட்டும், பிறகு ஏற்றிக்கொள்ளலாம்.

இனிமேல் செய்கிற எல்லாவற்றுக்கும் ஒரே விதி: ஒரு நேரத்தில் ஒரு மாற்றம். மாற்றியது பலிக்கவில்லையா, பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிட்டு அடுத்ததைத் தொடுங்கள்.

2. பாதியாக்கிப் பாருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். கோளாறு எங்கே என்று ஊகிக்காமல், இருக்கக்கூடிய இடத்தைப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போவது.

12 நிமிட டைம்லைன், எக்ஸ்போர்ட் நடுவில் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இன் பாயின்ட், அவுட் பாயின்ட் போட்டு முதல் 6 நிமிடத்தை மட்டும் எக்ஸ்போர்ட் செய்யுங்கள். நன்றாக வந்தால் குற்றவாளி பின்பாதியில். அதிலே 6 முதல் 9 வரை. அது விழுந்தால் 6 முதல் 7.30 வரை. இப்படி ஐந்து முறை வெட்டினால் 12 நிமிடம் வெறும் 22 விநாடி சொச்சமாகச் சுருங்கிவிடும், அதற்குள் என்ன இருக்கிறது என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம். சதவீதத்தை வைத்து இடத்தைக் கணக்குப் போடலாமே என்று தோன்றும், ஆனால் அந்த எண்ணை நம்பி நேராக அந்த இடத்துக்குப் போனால் பல சமயம் பக்கத்து ஷாட்டில் நின்றுகொண்டிருப்பீர்கள்.

அந்த 22 விநாடிக்குள் வழக்கமாக மாட்டுகிறவர்கள் சிலர்தான். 12,000 பிக்சல் அகலத்துக்கு ஸ்கேன் செய்த ஒரு ஸ்டில் போட்டோ. மொபைலில் எடுத்த ஒரு கிளிப். ஏதோ ஒரு மூன்றாம் தரப்பு பிளகின். அல்லது கார்டிலிருந்து காப்பி ஆகும்போதே பழுதான ஃபைல். போட்டோ என்றால் ஸூம் செய்யத் தேவையான அளவுக்கு மட்டும் சுருக்கி மாற்றுங்கள், 4கே டைம்லைனில் மெதுவான ஸூமுக்கு 6,000 பிக்சல் தாராளம். பிளகின் என்றால் அந்த ஷாட்டை மட்டும் புரோரெஸ் (எடிட்டிங்கில் எளிதாக ஓடும் வீடியோ வடிவம்) மாதிரி ஒன்றாக ரெண்டர் செய்து அதன் இடத்திலேயே வைத்துவிடுங்கள்.

இதே வித்தை புராஜெக்ட் திறக்கவே மறுக்கும்போதும் உதவும். காலியான ஒரு புதுப் புராஜெக்ட் திறந்து, பழையதிலிருந்து ஒவ்வொரு சீக்வென்ஸாக இம்போர்ட் செய்யுங்கள். எதை இழுக்கும்போது விழுகிறதோ அதில்தான் விஷயம். காலிப் புராஜெக்ட்டே விழுகிறது என்றால் மட்டும் சாஃப்ட்வேரையோ டிரைவரையோ சந்தேகப்படலாம்.

3. கார்டு, காப்பி

கேமரா கார்டிலிருந்து வெறும் கிளிப்புகளை மட்டும் பொறுக்கி எடுக்காதீர்கள். முழு ஃபோல்டர் அமைப்பையும் அப்படியே காப்பி செய்யுங்கள். பக்கத்தில் இருக்கிற சின்னச் சின்ன ஃபைல்களில் டைம்கோடும் மற்ற விவரங்களும் இருக்கும், நீண்ட ரெக்கார்டிங்கைச் சில கேமராக்கள் 4 ஜிபி துண்டுகளாக உடைத்து எழுதும்போது அவற்றை ஒரே கிளிப்பாகச் சேர்க்கவும் எடிட்டிங் சாஃப்ட்வேருக்கு அந்த அமைப்புதான் வேண்டும். பொறுக்கி எடுத்தால் துண்டுகளுக்கு நடுவில் சில ஃபிரேம் சவுண்ட் காணாமல் போகலாம்.

பெயர் மோதல் இன்னொரு தலைவலி. கார்டை ஃபார்மேட் செய்ததும் பல கேமராக்கள் மறுபடி சி0001-இலிருந்து ஆரம்பிக்கும். முதல் நாள் கார்டிலும் சி0001, இரண்டாம் நாள் கார்டிலும் சி0001. இரண்டையும் ஒரே ஃபோல்டரில் கொட்டினால் ஒன்று மற்றதை அழிக்கும். தனித்தனி ஃபோல்டரில் இருந்தாலும் ரீலிங்க் செய்யும்போது (ஃபைலை மறுபடி இணைக்கும்போது) முதல் நாள் ஷாட் இருந்த இடத்தில் இரண்டாம் நாள் ஷாட் வந்து உட்காரும், அதுவும் டைம்லைனில் எந்தச் சிவப்பு எச்சரிக்கையும் இல்லாமல். கார்டுக்கு ஒரு ஃபோல்டர், ஃபோல்டர் பெயரில் தேதி, கேமரா, கார்டு எண். கேமராவிலேயே கிளிப் பெயருக்கு முன்னொட்டு வைக்கும் வசதி இருந்தால் ஷூட்டுக்கு முன்பே வைத்துவிடுங்கள்.

காப்பி முடிந்ததும் செக்சம் (ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற எண்) பார்க்கும் மென்பொருளால் சரிபாருங்கள். ஃபைல் அளவு ஒத்துப்போவது போதாது, உள்ளே ஒரு பிட் மாறியிருந்தாலும் அளவு அதேதான் காட்டும்.

ரெக்கார்டிங் நடுவில் பேட்டரி போய்விட்டதா? கார்டைக் கம்ப்யூட்டரில் போட்டு நோண்டாதீர்கள், ஃபார்மேட் செய்வதை நினைத்தும் பார்க்காதீர்கள். அதே கேமராவில் மறுபடி போட்டு ஆன் செய்யுங்கள், பல கேமராக்கள் பழுதைத் தானே சரிசெய்யட்டுமா என்று கேட்கும். எம்பி4 ஃபைலின் அட்டவணை மாதிரியான பகுதி பல கேமராக்களில் ரெக்கார்டிங் நிற்கும்போதுதான் எழுதப்படுகிறது, அது இல்லாமல் படம் உள்ளே இருந்தும் எந்த பிளேயரும் திறக்காது. கேமரா கைவிட்டால் அன்ட்ரங்க் என்ற இலவசக் கருவி இருக்கிறது, அதே கேமராவில் அதே செட்டிங்ஸில் எடுத்த நல்ல ஃபைல் ஒன்றைக் காட்டினால் அதைப் பார்த்து உடைந்ததைக் கட்டிக் கொடுக்கும்.

ரெக்கார்டிங் தானாக நின்றுபோனால் கார்டின் வேகத்தைப் பாருங்கள். வி30 என்றால் குறைந்தபட்சம் விநாடிக்கு 30 மெகாபைட் எழுதும், வி60 என்றால் 60, வி90 என்றால் 90. கேமரா மெனுவில் இருக்கும் 400 என்ற எண் மெகாபிட், எட்டால் வகுத்தால் 50 மெகாபைட். வி30 கார்டு அதற்குப் போதும் என்று யாரும் உறுதி தர முடியாது. அட்டையில் பெரிதாக அச்சிட்டிருக்கும் வேகம் பெரும்பாலும் படிக்கும் வேகம், அதைப் பார்த்து வாங்காதீர்கள்.

4. டிஸ்க்கும் கேபிளும்

முதலில் கணக்கு. 4கே யூஹெச்டி, 25 ஃபிரேம், புரோரெஸ் 422 ஹெச்க்யூ என்றால் விநாடிக்குச் சுமார் 737 மெகாபிட், அதாவது 92 மெகாபைட். மூன்று கேமராவை ஒரே நேரத்தில் ஓட்டிப் பார்க்கும் மல்டிகேம் போட்டால் 276. சாதாரண சுழலும் ஹார்டு டிஸ்க் நல்ல நிலையில் 150 முதல் 200 வரை தரும், அதுவும் ஒரே ஃபைலைத் தொடர்ந்து படித்தால். மூன்று இடத்துக்குத் தாவித் தாவிப் படிக்கச் சொன்னால் இன்னும் விழும். கிகாபிட் நெட்வொர்க் வழியாக என்றால் சுமார் 110தான் உச்சம். ஆக, மல்டிகேம் திக்கினால் அது சாஃப்ட்வேர் கோளாறல்ல, கணக்கே உதைக்கிறது.

சரி, எஸ்எஸ்டி வாங்கியாகிவிட்டது, விநாடிக்கு 1,000 மெகாபைட் என்று பெட்டியில் போட்டிருக்கிறது, அப்படியும் திக்குகிறது. இப்போது கேபிளைப் பாருங்கள். யூஎஸ்பி-சி கேபிள்கள் எல்லாம் வெளியில் ஒரே மாதிரிதான் இருக்கும், ஆனால் மொபைல் சார்ஜரோடு வருகிறவற்றில் பெரும்பாலானவை யூஎஸ்பி 2.0 வேகத்துக்கு மட்டுமே. அதில் செருகினால் அந்த எஸ்எஸ்டி நடைமுறையில் 40 மெகாபைட்டைத் தாண்டாது. யாரும் எந்தப் பிழைச் செய்தியும் காட்டமாட்டார்கள், டிஸ்க் திறக்கும், ஃபைல் தெரியும், டைம்லைன் மட்டும் உயிரை வாங்கும். கம்ப்யூட்டரில் எந்தப் போர்ட்டில் செருகுகிறீர்கள் என்பதும், நடுவில் விலை மலிந்த ஹப் இருக்கிறதா என்பதும் இதே கதைதான்.

ஊகிக்க வேண்டியதில்லை. பிளாக்மேஜிக் டிஸ்க் ஸ்பீட் டெஸ்ட், கிரிஸ்டல் டிஸ்க்மார்க் இரண்டும் இலவசம், ஓட்டிப் பாருங்கள். 40ஐ ஒட்டி வந்தால் கேபிள் அல்லது போர்ட். நல்ல வேகத்தில் ஆரம்பித்துப் பெரிய காப்பியின் நடுவில் சரிந்தால், விலை குறைந்த எஸ்எஸ்டிகளின் கேஷ் (வேகமான தற்காலிகச் சேமிப்பிடம்) நிரம்பிய பிறகு வருகிற இயல்பான வேகம் அது. டிஸ்க் கழுத்து வரை நிரம்பியிருந்தாலும் சரியும், எப்போதும் கொஞ்சம் காலி விடுங்கள்.

மீடியா ஆஃப்லைன் என்று திரை முழுக்கச் சிவப்பாக வந்தால் பதற வேண்டாம். விண்டோஸில் நேற்று ஈ டிரைவாக இருந்த வெளி டிஸ்க் இன்று எஃப் ஆகியிருக்கும், அவ்வளவுதான். டிஸ்க் மேனேஜ்மென்டில் போய் அகர வரிசையின் கடைசிப் பக்க எழுத்து ஒன்றை அதற்கு நிரந்தரமாகக் கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லை திரும்ப வராது.

5. ஃபைலுக்குள் என்ன இருக்கிறது

மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளை இன்ஸ்டால் செய்துகொள்ளுங்கள். எந்த ஃபைல் தகராறு செய்தாலும் அதில் இழுத்துப் போட்டு மூன்று விஷயம் பாருங்கள்: கோடெக் (வீடியோவைச் சுருக்கி எழுதிய முறை), ஃபிரேம் ரேட் முறை, பிட் ஆழமும் 4:2:0 அல்லது 4:2:2 என்ற குரோமா எண்ணும் (நிறம் எவ்வளவு நுணுக்கமாகப் பதிவாகியிருக்கிறது என்பதைச் சொல்பவை).

ஃபிரேம் ரேட் முறையில் வேரியபிள் என்று இருந்தால் அது மொபைல் வீடியோ, ஸ்கிரீன் ரெக்கார்டிங், அல்லது வீடியோ கால் பதிவாக இருக்கும். இவை விநாடிக்கு இத்தனை ஃபிரேம் என்று கட்டுப்பாடாக எழுதுவதில்லை, வெளிச்சம் குறைந்தாலோ சிப் சூடானாலோ குறைத்து எழுதும். எடிட்டிங் சாஃப்ட்வேர் சீரான ரேட்டை எதிர்பார்க்கிறது, விளைவாக உதடு ஒரு பக்கம் குரல் ஒரு பக்கம். டைம்லைனில் போட்ட பிறகு இதைச் சரிசெய்ய முயல்வது வீண் வேலை. ஹேண்ட்பிரேக், ஷட்டர் என்கோடர் மாதிரி வீடியோவை மாற்றும் மென்பொருள் ஒன்றில் கான்ஸ்டன்ட் ஃபிரேம் ரேட்டாக மாற்றி, மாற்றியதையே இம்போர்ட் செய்யுங்கள்.

இனி, கிளிப் தன்னந்தனியாக, எஃபெக்ட் எதுவும் இல்லாமலே திக்குகிறது, டிஸ்க்கும் வேகமாகத்தான் இருக்கிறது என்றால் அது டீகோடிங் (சுருக்கி எழுதியதை விரித்துப் படமாக்குவது) பிரச்சினை. ஹெச்.264, ஹெச்.265 இரண்டும் பெரும்பாலும் ஒவ்வொரு ஃபிரேமையும் முழுதாக எழுதாமல், முன்பின் ஃபிரேம்களிலிருந்து வித்தியாசத்தை மட்டும் எழுதிவைப்பவை. நடுவிலிருந்து ஒரு ஃபிரேமைக் காட்ட வேண்டுமென்றால் பக்கத்தில் பலவற்றைக் கணக்கிட வேண்டும். ஃபைல் சின்னதாக இருப்பதற்கும் கம்ப்யூட்டர் மூச்சு வாங்குவதற்கும் காரணம் ஒன்றே.

அதிலும் 10 பிட் 4:2:2 ஹெச்.265 என்றால் தனிக் கதை. பெரிய கிராஃபிக்ஸ் கார்டு இருக்கிறது, ஆனாலும் ஓடவில்லை என்று புலம்புகிறவர்கள் அனேகமாக இதில்தான் மாட்டியிருப்பார்கள். என்விடியா கார்டுகளில் 4:2:2 டீகோடிங் 50 வரிசையில்தான், அதாவது 2025-இல்தான் வந்தது. அதற்கு முந்தைய கார்டு எவ்வளவு பெரியதாக இருந்தாலும் சுமை முழுவதும் பிராசஸர் தலையில். இன்டெலில் 11ஆம் தலைமுறை முதல் உள்ளிருக்கும் கிராஃபிக்ஸே இதைச் செய்துவிடும், ஆனால் பெயரின் கடைசியில் எஃப் என்று வரும் மாடல்களில் அந்தப் பகுதி கிடையாது. ஆப்பிளின் எம் வரிசைச் சிப்களில் சிக்கல் இல்லை. விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து ஜிபியுவில் (கிராஃபிக்ஸ் சிப்) வீடியோ டீகோட் என்ற வரைபடத்தைப் பாருங்கள், பிளே செய்யும்போது அது சும்மா படுத்திருந்து பிராசஸர் மட்டும் 100 காட்டினால் விஷயம் இதுதான்.

தீர்வு புது மெஷின் வாங்குவதல்ல, பிராக்ஸி, அதாவது எடிட் செய்ய மட்டும் ஒரிஜினலுக்குப் பதிலாக வைக்கும் இலகுவான பிரதி. புரோரெஸ் பிராக்ஸி அல்லது டிஎன்எக்ஸ்ஹெச்ஆர் எல்பி, பாதி அல்லது கால் ரெசல்யூஷனில். இரண்டு எச்சரிக்கை. பிராக்ஸியின் ஃபிரேம் ரேட்டும் ஆடியோ சேனல் எண்ணிக்கையும் ஒரிஜினலோடு ஒத்துப்போக வேண்டும், சேனல் மாறினால் இணைக்கவே மறுக்கும் அல்லது தப்பான மைக் கேட்கும். இன்னொன்று, ஃபோகஸையும் நாய்ஸையும் பிராக்ஸியில் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

6. எஃபெக்ட், சூடு

கிளிப் தனியாக ஓடுகிறது, கிரேடிங் (நிறத் திருத்தம்) போட்டதும் திக்குகிறது என்றால் எஃபெக்ட்டை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். நாய்ஸ் ரிடக்‌ஷன்தான் பெரும்பாலும் தின்றுகொண்டிருக்கும், அதைக் கடைசியில் போடுங்கள் அல்லது ஒருமுறை கணக்கிட்டுக் கேஷில் சேமித்துவிடுங்கள். ஜிபியு மெமரி ஃபுல் என்று ரிசால்வ் சொன்னால் டைம்லைன் ரெசல்யூஷனை எடிட் முடியும்வரை ஹெச்டியில் வைத்து, டெலிவரியின்போது 4கேக்கு ஏற்றுங்கள். லேப்டாப் பேட்டரியில் ஓடினால் வேகம் தானாகக் குறையும், சார்ஜரைச் செருகுங்கள். முதல் பத்து நிமிடம் நன்றாக ஓடி அப்புறம் மந்தமானால் சூடு.

7. சவுண்ட் சேரவில்லை

இங்கே ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்தால் பாதி முடிந்தது: விலகல் ஆரம்பத்திலிருந்து ஒரே அளவா, போகப்போகக் கூடுகிறதா?

ஒரே அளவு என்றால் முதலில் ப்ளூடூத் ஹெட்போனைக் கழற்றுங்கள். சிரிக்காதீர்கள். ப்ளூடூத் ஒலி சாதாரணமாக 150 முதல் 250 மில்லி விநாடி தாமதமாக வரும், 25 ஃபிரேமில் கணக்கிட்டால் நான்கு முதல் ஆறு ஃபிரேம். அதைக் கேட்டுக்கொண்டே ஒழுங்காக இருந்த சவுண்டை நகர்த்திவைத்துவிட்டால் எக்ஸ்போர்ட் ஆன பிறகுதான் குட்டு வெளிப்படும். எடிட்டுக்கு வயர் உள்ள ஹெட்போன் மட்டும். டிவியை மானிட்டராக வைத்திருந்தால் அது படத்தைத் தாமதமாகக் காட்டும், கேம் மோடில் போடுங்கள்.

போகப்போகக் கூடினால் ரேட் பிரச்சினை. ஒரு மணி நேரத்தில் 3.6 விநாடி விலகினால் 24க்கும் 23.976க்கும், அல்லது 30க்கும் 29.97க்கும் நடுவில் எங்கோ குழப்பம், இரண்டுமே 0.1 சதவீத வித்தியாசம். கிளிப்பின் ரேட் எப்படிப் புரிந்துகொள்ளப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். குரல் தடித்து மெதுவாகக் கேட்டால் 48,000 ஹெர்ட்ஸ் பதிவை 44,100 என்று எதுவோ நினைத்துக்கொண்டிருக்கிறது. ஒரு மணி நேரத்துக்கு ஓரிரு ஃபிரேம் மட்டும் என்றால் கேமராவும் ரெக்கார்டரும் தனித்தனிக் கடிகாரத்தில் ஓடியதால் வருவது, யார் மேலும் தப்பில்லை, அங்கங்கே வெட்டி நகர்த்திவிட்டுப் போங்கள். எந்தக் கணக்கிலும் அடங்காமல் கூடியும் குறைந்தும் அலைந்தால் மேலே சொன்ன வேரியபிள் ஃபிரேம் ரேட்தான்.

ஹெட்போனில் நன்றாகக் கேட்டு மொபைல் ஸ்பீக்கரில் குரல் மறைந்துபோகிறதா? இரண்டு சேனலும் எதிரெதிர் ஃபேஸில் (ஒன்றின் அலை ஏறும்போது மற்றது இறங்கும் நிலையில்) இருக்கின்றன, மோனோவாகச் சேரும்போது ஒன்றை ஒன்று அடித்துவிடுகிறது. ஒரு சேனலைத் தலைகீழாக்குங்கள், அல்லது ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

8. எக்ஸ்போர்ட்டில் நிறம் மாறுகிறது

கறுப்பு சாம்பலாகி மொத்தப் படமும் பால் ஊற்றியது போல் தெரிந்தாலோ, நிழலெல்லாம் தார் மாதிரி அடைத்துக்கொண்டாலோ லெவல்ஸ் பிரச்சினை. 8 பிட் வீடியோவில் கறுப்பு 16, வெள்ளை 235 என்பது வழக்கம், கம்ப்யூட்டர் பக்கம் 0 முதல் 255. ஒரு இடத்தில் ஒன்றாகவும் அடுத்த இடத்தில் மற்றதாகவும் படித்தால் இப்படி ஆகும். கிளிப்பிலும் எக்ஸ்போர்ட்டிலும் இருக்கும் ஃபுல், வீடியோ என்ற தேர்வை ஆட்டோவுக்குக் கொண்டுவாருங்கள், ஸ்கோப்பில் (வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்) சரிபாருங்கள்.

மேக்கில் குயிக்டைம் பிளேயரில் மட்டும் லேசாக வெளிறி, விஎல்சியில் வேறு மாதிரி தெரிந்தால் அது வேறு விஷயம். ஃபைலில் இருக்கும் ரெக்.709 (ஹெச்டி வீடியோவின் நிறத் தரம்) குறியை மேக் தன் வழியில் புரிந்துகொள்கிறது. ரிசால்வில் எக்ஸ்போர்ட் காமா டேகை ரெக்.709-ஏ என்று வைத்தால் பெரும்பாலும் அடங்கும். இதைச் சமாளிக்கக் கிரேடிலேயே கான்ட்ராஸ்ட் ஏற்றிவைக்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது, மற்ற எல்லாத் திரையிலும் படம் கெட்டுப்போகும் என்பதால் அதை நான் ஒப்புக்கொள்வதில்லை.

9. எக்ஸ்போர்ட்

நேராக ஹெச்.264க்குப் போகாதீர்கள். முதலில் புரோரெஸ் அல்லது டிஎன்எக்ஸ்ஹெச்ஆர் மாஸ்டர் (முழுத் தரப் பிரதி) ஒன்று, அதிலிருந்து மற்றவை. எங்கே உடைகிறது என்பது இதிலேயே தெரிந்துவிடும்: மாஸ்டரே விழுந்தால் டைம்லைன் சிக்கல், மாஸ்டர் வந்து ஹெச்.264 மட்டும் விழுந்தால் என்கோடர் சிக்கல், ஹார்டுவேரிலிருந்து சாஃப்ட்வேர் என்கோடிங்குக்கு மாற்றுங்கள், மெதுவாக வந்தாலும் வந்துசேரும். எக்ஸ்போர்ட் போய்ச் சேரும் டிஸ்கில் இடம் இருக்கிறதா என்று பார்ப்பதை யாரும் செய்வதில்லை. எக்ஸ்போர்ட் போகிற டிஸ்க் ஃபேட்32 ஃபார்மேட்டில் இருந்தால் 4 ஜிபியில் நிற்கும், எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றுங்கள், உள்ளே இருப்பதை வேறு இடத்துக்குக் காப்பி செய்துவிட்டு.

10. இன்னும் அடங்கவில்லையா

இப்போது சாஃப்ட்வேர். மீடியா கேஷை அழியுங்கள், ஒரிஜினல்களுக்கு ஒன்றும் ஆகாது. பிரீமியரைத் திறக்கும்போது ஆல்ட் கீயை, மேக்கில் ஆப்ஷனை, அழுத்திப் பிடித்தால் பிரிஃபரன்ஸை ரீசெட் செய்யும். உங்கள் கீபோர்டு ஷார்ட்கட்டுகளையும் வொர்க்ஸ்பேஸையும் முன்பே எக்ஸ்போர்ட் செய்துகொள்ளுங்கள். அடுத்து டிரைவர். என்விடியா என்றால் ஸ்டுடியோ டிரைவர், அதிலும் புதியது தகராறு செய்தால் முந்தையது. கடைசியாகத்தான் ரீஇன்ஸ்டால்.

அதற்கும் மேல் வேறு யாரிடமாவது கேட்கப் போகிறீர்கள் என்றால் "ஹேங் ஆகுது, உதவி பண்ணுங்க" என்று மட்டும் எழுதாதீர்கள். சாஃப்ட்வேரின் முழு வெர்ஷன் எண், ஓஎஸ், பிராசஸர், கிராஃபிக்ஸ் கார்டு, ரேம், ஃபைல் எந்த டிஸ்கில் எந்த கேபிளில் இருக்கிறது, தகராறு செய்யும் கிளிப்பின் மீடியாஇன்ஃபோ, பிழைச் செய்தி எழுத்து மாறாமல், கூடவே பாதியாக்கிப் பார்த்ததில் எந்த விநாடியில் வந்து நின்றீர்கள் என்பது. இவ்வளவும் கொடுத்தால் பதில் சொல்கிறவர் உங்களிடம் திருப்பிக் கேட்க ஒன்றும் இருக்காது.